பக்கம் திறக்கிறது, கோப்பு மட்டும் இறங்க மறுக்கிறது

மொரிசியஸின் எபேன் சைபர் நகரில், கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு தமிழ் எழுத்துருவைப் பதிவிறக்குவதற்கு நாள்கணக்கில் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு, மென்பொருள்களைப் பகிரும் தளமான கிட்ஹபில் உள்ள பக்கம் அழகாகத் திறக்கிறது. பதிவிறக்கச் சுட்டியை அழுத்தியதும், இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்ற மொட்டை அறிவிப்புதான் வருகிறது. கணினிப் பிரிவைக் கேட்டால், "கிட்ஹபை அனுமதித்துவிட்டோம், கோளாறு உங்கள் பிரவுசரில்தான்" என்கிறார்கள்.

கிட்ஹப் தன் வெளியீட்டுக் கோப்புகளை அதே முகவரியிலிருந்து தருவதில்லை. சுட்டியை அழுத்தியவுடன் கிட்ஹப்யூசர்கன்டென்ட் என்ற வேறொரு டொமைனின் (இணையப் பெயரின்) கிளை முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அனுமதிப் பட்டியலில் அந்த டொமைனையும் சேர்த்து, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துக் கிளைகள் எல்லாவற்றையும் அடக்கினால்தான் அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் வழிவிடும். இதை ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. மறுக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கையும், எந்த முகவரிக்குப் போனது என்பதோடு, ஸ்குவிட்டின் பதிவேடான அக்சஸ் லாகில், அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 என்ற எண்ணுடன் பதிவாகியிருக்கும். அந்த லாகைத் திறந்து பாருங்கள் என்றதற்கு, பிரவுசர் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் கேஷை அழிக்கச் சொன்ன மேதைகளை என்ன செய்வது?

பெரிய மனது பண்ணி அந்த டொமைனையும் சேர்த்தார்கள். எங்கே சேர்த்தார்கள் என்று கேளுங்கள். அனைத்தையும் மறுக்கும் விதிக்குக் கீழே! ஸ்குவிட் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும் என்பதால், அதற்குக் கீழே எழுதியது எழுதாததற்குச் சமம். 1998-ல் ரூபாய்த் தாளில் இந்திக்குக் கீழே தமிழை இறக்கியதற்காகக் கொதித்தெழுந்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெறவைத்த தீவில், வரிசையின் அருமை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இப்போது, "எழுத்துரு அடங்கிய ஜிப் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் விதி போடுகிறோம்" என்று புதிதாகக் கிளம்பியிருக்கிறார்கள். எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கிய இணைப்பில், அந்த மறைகுறியாக்கத்தை இடையில் அவிழ்த்தால் ஒழிய, ப்ராக்ஸியின் கண்ணுக்குத் தெரிவது சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும்தான். கோப்பின் பெயரே தெரியாதபோது அந்த விதி எதைப் பார்த்துப் பொருந்தும்? பாதுகாப்புக்காகத்தான் இத்தனை கெடுபிடி என்றும் சொல்கிறார்கள். அந்தப் பாதுகாப்பின் லட்சணம், பக்கத்து மேசைக்காரர் தம் கைப்பேசியில் இறக்கிய எழுத்துருவை யூ.எஸ்.பி.யில் கொண்டுவந்து செருகியபோது, எந்தக் கேள்வியும் கேட்காமல் அலுவலகக் கணினி அதை ஏற்றுக்கொண்டதில் தெரிந்தது.