சனிக்கிழமையை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?
டெக்சாஸில் வகுப்பு நேரத்துக்கு வெளியே மார்ச்சிங் பேண்ட் (அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் பள்ளி வாத்தியக் குழு) பயிற்சி வாரத்துக்கு 8 மணி நேரம்தான் என்பது, அங்கே பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல் அமைப்பின் விதி. அதனால் பிள்ளைகளின் சுமை குறைந்துவிட்டது என்கிறது இந்தக் கட்டுரை. வீட்டில் பார்க்கிற எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த 8 மணி நேரம் பள்ளி நடக்கும் நாட்களுக்கு மட்டும்தான், சனிக்கிழமை அதில் வராது. பயிற்சிக்குப் போய்வரும் நேரம், மைதானத்தில் சாமான்களை எடுத்து வைக்கும் நேரம், ஃபுட்பால் ஆட்ட இடைவேளையில் வாசிப்பது, இவையும் சேராது. என் மகள் கிளாரினெட் வாசிக்கிறாள். அக்டோபர் மாதம் முழுக்கக் காலை ஆறரைக்கே கொண்டுபோய் விட வேண்டும். வெள்ளி இரவு ஆட்டம் முடிந்து பஸ் பள்ளிக்குத் திரும்பப் பதினொன்றரை ஆகிவிடும். விடிந்தால் பேண்ட் போட்டி. போன வருடம் ஒரு சனிக்கிழமை காரில் ஏறியதும் ஷூவைக் கழற்றினாள், குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தெடுக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே தூங்கிவிட்டாள். அதற்காக, "விதியே வேண்டாம், ஆர்வமுள்ள பிள்ளை பழகட்டும்" என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சான் அன்டோனியோவின் ஆலமோடோம் அரங்கில் நடக்கும் மாநில பேண்ட் போட்டிக்கு எப்படியாவது போயாக வேண்டும் என்கிற வேகத்தில், வரம்பு இல்லாவிட்டால் எந்தப் பள்ளி தானாக நிறுத்தும்? அவளுக்குப் பேண்ட் என்றால் உயிர், விடச் சொன்னால் அழுவாள். நான் கேட்பது, சனிக்கிழமைப் பயிற்சியையும் அந்த 8 மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள் என்பதுதான்.