வாயை ஊதச் சொன்னால் மட்டும் போதாது

பிள்ளை மேல் சந்தேகம் வந்தால் நம் ஊர் அப்பாக்கள் செய்கிற முதல் சோதனை, "எங்கே, வாயை ஊது பார்ப்போம்" என்பதுதான். சாராயமும் பீடியும் மட்டும் இருந்த காலத்துக்கு அது சரி. இப்போது பள்ளிப் பிள்ளைகள் கையில் புழங்குகிற பல போதைப் பொருளுக்கு வாடையே கிடையாது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன தை மாதம் ப்ளஸ் ஒன் பையன் ஒருவனின் அம்மா, முந்தானையில் முடிந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். விரல் நுனி அளவில் வெள்ளைப் பை, ஊறிப் பழுப்பேறியிருந்தது. துவைக்கப் போட்ட சட்டையில் கிடந்ததாம். "டீத்தூள் பையா டீச்சர் இது?" என்று கேட்டார். கூல் லிப். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொண்டால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. புதினா வாசம்தான் வரும். உள்ளே இருப்பது புகையிலை, தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்த சரக்கு. கீழுதட்டை மடித்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்து, தோல் சுருங்கியிருந்தால் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கஞ்சா என்றால் கண் சிவக்கும். அதை மறைக்கச் சொட்டு மருந்து பாட்டில் புத்தகப் பையில் இருக்கும். நேரங்கெட்ட நேரத்தில் அகோரப் பசி, சம்பந்தமில்லாத சிரிப்பு, அறையில் திடீரென்று ஊதுபத்தி. பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் முகர்கிறவனுக்கு மூக்கையும் உதட்டையும் சுற்றிப் புண் வரும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது வலி மாத்திரைதான். டேபென்டடால் போன்றவற்றைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். கத்தரி வெயிலில் பையன் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றால் காரணம் கேளுங்கள். கண்ணின் கருமணி புள்ளியாகச் சுருங்கியிருக்கும், உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். மாத்திரை கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், ஓயாமல் கொட்டாவி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு. நாம் சளிக்காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்போம். ரெண்டு நாளில் வெளியே போய்வந்து 'சரியாகி' நிற்பான்.

உடம்பை விடுங்கள், நடத்தை முன்னாடியே காட்டிக்கொடுக்கும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வீடு தங்காதவன் மதியம் வரை கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். சின்ன வயதுக் கூட்டாளிகளோடு பேச்சு நின்றுபோகிறது. ஆத்தாவின் முதியோர் பணத்தில் நூறு இருநூறு குறைகிறது. ஆனால் காதல் தோல்வி, பள்ளியில் அடி உதை, மனச்சோர்வு என்றாலும் இதில் பாதி தெரியும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்து சில வாரம் நீடித்தால் விடாதீர்கள்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை முதலில் ஊற்றிக் கொடுப்பவர் பல வீடுகளில் உறவுக்காரர்தான். கிடா வெட்டு, தேர், துக்க வீடு, காரைக்காலில் மலிவாக வாங்கிவந்த பாட்டில், "ஆம்பளப் புள்ள, ஒரு வாய்தானே" என்கிற சித்தப்பா. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. அந்தச் சித்தப்பாவிடம் சபையிலேயே இதைச் சொல்லலாம், தப்பில்லை.

அப்புறம், அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகள். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். "அவர் அங்கே தனியாகக் கிடந்து தவிப்பாரே" என்று போனில் மறைப்பார். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மறைக்கிற ஒவ்வொரு மாதமும் பழக்கம் இறுகுகிறது. சொல்லிவிடுங்கள் அக்கா.

கேட்கும் விதமும் முக்கியம். அவன் போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை, மாமன் மச்சான் முன்னால் வேண்டவே வேண்டாம். காலையில் வயலுக்கு வண்டியில் போகும்போது, "சட்டையில் இதைப் பார்த்தேன், எத்தனை நாளா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அடித்தால் ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்வான். தினமும் குடிக்கிற அளவுக்குப் போயிருந்தால் வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகும். மருத்துவர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து கூட்டிப்போகாதவர்களுக்கு ஒன்று: 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டவரே ஆனாலும் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. மருத்துவமனை வரை போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போடுங்கள். மனநலத்துக்கான அரசு இலவச எண், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.