காய்ச்சலோடு பார்த்த காதல் படங்கள்

மூன்று நாளாகக் காய்ச்சல். கோத்தகிரியில் ஐப்பசி மழை விட்டபாடில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ரெண்டு கம்பளிக்குள் சுருண்டுகொண்டேன். அம்மா நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டு, டம்ளரில் மிளகு ரசம் கொடுத்தார். படிக்கலாம் என்றால் தலை சுற்றியது. சரி, சிரிக்க வைக்கிற காதல் படமாகப் பார்ப்போம் என்று போனைத் தலையணையில் சாய்த்து வைத்தேன்.

முதலில் உள்ளத்தை அள்ளித்தா. 1996இல் வந்தது, எங்கள் ஊட்டியில் நடக்கிற கதை. கார்த்திக்கும் கவுண்டமணியும் சேர்ந்து வருகிற காட்சிகளுக்கு இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் காதலெல்லாம் பாட்டுகளில் இருக்கிறது, சிரிப்பு ஆண்களிடம் இருக்கிறது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. ரம்பாவுக்கு அந்தச் சிரிப்பில் இன்னும் கொஞ்சம் பங்கு கொடுத்திருக்கலாம்.

அப்புறம் ஒரு படம், பேர் வேண்டாம். தேயிலைக்கு நடுவே டூயட். 28 வருஷம் கொழுந்து பறித்த அம்மா, நடிகையைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தார். "கவாத்து வெட்டி நாலு வருஷம் ஆயிருக்கும். இடுப்புக்கு மேல நிக்குது பாரு. இடுப்பச் சுத்திப் படங்கு கட்டாம உள்ள போனா சேலையக் கிழிச்சிரும்." பாட்டு முடிந்ததும், வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே நாயகன் பஸ் ஏறுகிறான். பக்கத்தில் நண்பன் வசனம் பேசுகிறான். நாம் சிரிக்க வேண்டுமாம்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். நான் குன்னூரில் காலேஜ் படித்தபோது ஒருத்தன் ஒரு வருஷம் முழுக்க என் பஸ்ஸிலேயே வந்தான். கூட வந்தவர்கள் இதே மாதிரிதான் வசனம் பேசிச் சிரித்தார்கள். வழியில் கட்டபெட்டில் சித்தி வீடு. பல நாள் அங்கேயே இறங்கி, அவன் போய்விட்டான் என்று தெரிந்த பிறகு அடுத்த பஸ் பிடித்திருக்கிறேன். அந்தப் பயம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைக் காதல் என்றும் காமெடி என்றும் எடுக்கிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம்.

திருச்சிற்றம்பலம் (2022) பார்த்துத்தான் மனசு ஆறியது. நித்யா மேனன் தனுஷைக் கேலி செய்கிறார், திட்டுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். சிரிப்பு இரண்டு பேருக்கும் சொந்தம். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கொடுத்தது ரொம்பச் சரி.

கடைசியாக அம்மா கேட்டது காதலிக்க நேரமில்லை. ஸ்ரீதர் எடுத்து 1964இல் வந்த படம். எஸ்டேட் வேலை போன ரவிச்சந்திரன், முதலாளி பாலையா வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, வேலை வேண்டும் என்று பாடுகிறார். அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்க தோட்டத்துல வேலை போனா அவங்க குடுத்த லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க." கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை.

ஆனாலும் அந்தப் படத்துக்கு ஈடு நான் பார்க்கவில்லை. காதலுக்காக ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். நண்பனுக்காகப் பணக்காரக் கிழவர் வேஷம் கட்டி வருகிற முத்துராமனுக்கு, அது தன் காதலியின் வீடு என்று அங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. சிரிப்பு காதலுக்குள்ளிருந்தே வருகிறது. நாகேஷ்கூட வெளியாள் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை. அவர் படக்கதை சொல்லும் காட்சியில் கதையின் சத்தமெல்லாம் அவர் வாயிலிருந்தே வருகிறது. எதிரே பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, வைஃபையும் போனது. இருட்டில் தகரக் கூரைமேல் மழைச் சத்தம் மட்டும். முக்கால் மணி நேரம் கழித்து லைட் வந்ததும், விட்ட இடத்திலிருந்து போடப் போனேன்.

"அது கிடக்கட்டும்," என்றார் அம்மா. "அந்தப் புள்ள கதை சொல்றத முதல்ல இருந்து போடு."