பசங்களோடு பேசுவதற்கு ஒரு பட்டமா என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ஒரு தடவைக்கு மேலேயே பார்த்தேன். மாணவர்களுக்கென்று நடந்த ஒரு நிகழ்ச்சியில் ஒரு பிள்ளை எழுந்து மைக்கை வாங்கி, "இளைஞர்களோட வேலை செய்யறதையே தொழிலாப் படிக்கணுங்க, எந்தக் காலேஜ்ல சேரலாம்?" என்று கேட்டாள். கேள்வி அவ்வளவுதான். தெரியாவிட்டால் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "பசங்களோட கதை பேசறதுக்கு டிகிரி எதுக்கம்முணி, ஊர்த் திண்ணையில உக்காந்தாப் போதுமே" என்றார் சிறப்பு விருந்தினர். மண்டபமே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, கமென்டிலும் எழுத வேண்டாம். அவர் ஒருவரோடு எனக்குச் சண்டை கிடையாது. மண்டபம் முழுக்கச் சிரித்ததே, அதோடுதான் சண்டை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவு முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். இளைஞர்களோடு வேலை செய்வது, என் தொழிலும் அதுதான், படித்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. அன்பு வேண்டும், பொறுமை வேண்டும், சரி. ஆனால் படித்திருக்க வேண்டும்.

என்ன பெரிய படிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் ஒரு பிள்ளை, பதினேழு வயது இருக்கும். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவள், "அக்கா, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். உங்களில் பாசக்கார அண்ணன் அக்கா யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சத்தியம் செய்திருப்பீர்கள். நான் செய்யவில்லை. "சத்தியம் பண்ண முடியாது கண்ணு. உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா யாருகிட்டச் சொல்றேன், எப்பச் சொல்றேங்கறதை உங்கிட்டக் கேட்டுட்டுத்தான் செய்வேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

அந்தப் பதில் எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருத்தி பிள்ளையாக, இன்னொருத்தி பணியாளராக நடித்து நடித்துப் பழகினோம். 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிந்தவர் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரைக்கும் சிறைத் தண்டனை உண்டு. சத்தியம் செய்துகொடுத்துவிட்டு மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் இன்னொரு ஆளை நம்ப மாட்டாள். போகாமல் இருந்தால் அவளுக்கு அநியாயம் செய்தவர்களில் நீங்களும் ஒருவர். இரண்டும் நடக்காமல் பேசத் தெரிய வேண்டும். திண்ணையில் உட்கார்ந்தால் இது வருமா?

எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானதுதான். சமூகப்பணி முதுகலையில் இளைஞர் மேம்பாட்டைச் சிறப்புப் பாடமாக எடுக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கே ஆரம்பித்தது. நோம்பிக்கு வந்திருந்த பெரியம்மா, "ஏனம்முணி, அந்தக் காசுக்கு பி.எட். படிச்சிருந்தா வாத்தியார் வேலையாவது கெடைச்சிருக்குமல்லோ" என்றார். பெரியம்மா பரவாயில்லை, என் மேல் இருந்த அக்கறையில் சொன்னவர். அதற்கப்புறம் என்னைப் பொண்ணு பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டபோது, என் அப்பா, எனக்காகத் தோட்டத்து மாட்டை விற்றுப் பணம் கட்டிய அப்பா, "மில்லுல ஆபீஸ் வேலைங்க" என்று சொன்னார். காப்பித் தட்டோடு நின்றிருந்த நான் ஒன்றும் பேசவில்லை. அப்பா மேல் இன்றைக்கும் எனக்குக் கோபமில்லை. என் வேலையின் பெயரைச் சபையில் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை அவருக்குக் கொடுத்தது அன்றைக்கு மண்டபத்தில் சிரித்த மாதிரியான ஆட்கள்தான்.

சரி, கமென்டில் வரப்போகிற கேள்விகளுக்கு இப்போதே வருகிறேன்.

"காலேஜில் என்.எஸ்.எஸ். இருக்கிறதே, அது போதாதா?" என்.எஸ்.எஸ்.ஸை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1969இல் தொடங்கியது, அதில் இருந்துதான் நானும் இந்தப் பக்கம் வந்தேன். இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம். ஆனால் அதை நடத்துகிறவர் யார்? கணக்கோ வேதியியலோ எடுக்கிற பேராசிரியர், கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். நல்ல மனதோடு பார்க்கிறார். அப்புறம், காலேஜுக்கே போகாத பிள்ளைக்கு என்.எஸ்.எஸ். எங்கிருந்து வரும்? பத்தாவதோடு நின்றுவிட்டு சோமனூர்ப் பக்கம் தறிக்குப் போகிறவனுக்கு? திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடிக்கிறவளுக்கு? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து பாஷை தெரியாமல் ஹாஸ்டலில் கிடக்கிற பிள்ளைகளுக்கு?

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு." தையல் மெஷினும் வெளிநாட்டுச் சரக்குதான், அதை வைத்துத்தான் திருப்பூரே பிழைக்கிறது. இங்கிலாந்தில் இளைஞர் சேவையைப் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவின் ஆல்பமார்ல் அறிக்கை 1960இல் வந்தது, அடுத்த வருடமே லெஸ்டரில் இளைஞர் பணிக்கென்று பயிற்சிக் கல்லூரி திறந்தார்கள். 2010லிருந்து அங்கே புதிதாகத் தகுதி பெறுகிற தொழில்முறை இளைஞர் பணியாளருக்குக் குறைந்தது ஹானர்ஸ் இளங்கலைப் பட்டம் வேண்டும். அதே 2010க்குப் பிறகு அங்கேயே செலவைக் குறைக்கிறோம் என்று நிறைய இளைஞர் மையங்களை மூடிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டாம். மூடினார்கள் என்பதால் அந்த வேலை தேவையில்லை என்று ஆகிவிடுமா? நம் நாட்டிலும் இது நேற்று முளைத்ததல்ல. ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993இல் வந்தது. 2012இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கியது. நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பட்டம் ஒன்றை முடித்துவிட்டு அங்கே முதுகலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் கோயமுத்தூரிலேயே எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை எடுக்கலாம். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு மேடையில் சொல்ல வேண்டிய பதில் இதுதான். சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகுமா?

அந்தப் படிப்பில் ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெப்புக்காக எழுதிய ஒரு ஏணி வரும். எட்டுப் படி. பிள்ளைகள் ஒரு காரியத்தில் எவ்வளவு உண்மையாகப் பங்கெடுக்கிறார்கள் என்று பார்க்கிற அளவு அது. கீழே இருக்கிற மூன்று படிகளில் பிள்ளைகள் இருப்பார்கள், ஆனால் அது பங்கேற்பே இல்லை. அலங்காரத்துக்கு உட்காரவைப்பது, பேருக்குப் பேசவிடுவது, இதெல்லாம் அந்த மூன்றில் அடங்கும். மாணவர்களுக்கென்று நடந்த நிகழ்ச்சியில் ஒரு மாணவி வாயைத் திறந்ததும் சிரித்து உட்காரவைத்தார்களே, அது எந்தப் படியில் வரும் என்று நடத்தியவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லீங்க, நாங்க வளரலையா?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரியும். வளர்ந்தீர்கள். வளராமல் போனவர்களைப் பற்றி யாரும் கணக்கு எடுக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கைநிறையப் பணம் என்று சொல்லி மூன்று வருட ஒப்பந்தத்தில் பெண்பிள்ளைகளை மில்லுக்குள் அடைத்தோமே, சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயரும் வைத்தோமே, அது நம் காலத்தில்தான் நடந்தது. மார்க் மார்க் என்று நாமக்கல் பக்கத்து ரெசிடென்ஷியல் பள்ளிகளில் கொண்டுபோய் விட்டு, பிள்ளை போனில் அழுதால் "இன்னும் ஒரு வருசந்தான் சாமி, பல்லைக் கடிச்சுக்க" என்று சொன்னதும் நாம்தான். 2016 மார்ச்சில் உடுமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்தான் என்று ஒரு இளைஞனை வெட்டிச் சாய்த்ததும் இதே மண்ணில்தான். காதலிக்கிற ஒரு பையனும் பொண்ணும் பயமில்லாமல் போய்ப் பேச ஒரு ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா? யோசித்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு வாழ்த்துப்பா பாடுகிற ஆளோ பிரித்துவைக்கிற ஆளோ வேண்டாம். சட்டமும் தெரிந்து, பதறாமல் கேட்கத் தெரிந்த ஒரு ஆள்.

நாம் வைக்காத இடம் காலியாக இருப்பதில்லை. சாதிச் சங்கம் இளைஞரணி வைத்திருக்கிறது. கட்சிகள் வைத்திருக்கின்றன. அவர்களுக்கெல்லாம் பதினெட்டு வயதுப் பையனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வாட்ஸப் குரூப் தொடங்குகிறார்கள், டீசர்ட் அடித்துக் கொடுக்கிறார்கள், கூட்டத்துக்கு வேன் வைக்கிறார்கள். அங்கே ஒருவரும் "இதுக்கெல்லாம் எதுக்கு இத்தனை மெனக்கெடுகிறீர்கள்" என்று சிரிப்பதில்லை. அந்தப் பையனின் நன்மைக்காக, அவனிடம் ஓட்டோ கோஷமோ எதிர்பார்க்காமல் பேசுவதற்குப் படிக்கிறேன் என்று ஒருத்தி வந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

தறியில் இழை அறுந்தால் எட்டிப் பிடித்து முடி போடக் கற்றுக்கொள்ளவே ஒரு பையனை யாராவது பக்கத்தில் நின்று பழக்க வேண்டியிருக்கிறது. அறுந்துபோய் நிற்கிற பையனைப் பிடித்துக் கட்ட மட்டும் பழக்கம் வேண்டாமா?

படித்தால்தான் வருகிற இன்னொன்று, குழு நடத்துவது. பல்லடம் பக்கத்தில் ஒரு ஊரில் பசங்கள் சேர்ந்து வாலிபால் டீம், படிப்பகம் என்று ஆரம்பித்தார்கள். சில மாதத்தில் பனியன் கலர் எது என்பதில் சண்டை வந்து இரண்டாகப் பிரிந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், "அவ்வளவுதானுங்க, இவனுங்க உருப்பட மாட்டானுங்க" என்று படிப்பகச் சாவியைத் திருப்பிக் கேட்டார். டக்மன் என்கிற உளவியலாளர் 1965லேயே எழுதிவைத்தது, எந்தக் குழுவும் சேர்ந்த கொஞ்ச நாளில் முட்டி மோதும், அதைத் தாண்டித்தான் ஒழுங்குக்கு வரும் என்று. அதைப் படித்ததால்தான் நான் பயப்படவில்லை. இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, கலரை விட்டுவிட்டு, முடிவை யார் எடுப்பது என்று பேசவைத்தேன். இப்போது அந்தப் படிப்பகத்துக்கு அவர்களே மின்கட்டணம் கட்டுகிறார்கள்.

"எல்லாம் சரிம்மா, வேலை எங்கே, சம்பளம் எங்கே?" இது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை இளைஞர் என்கிறது, மக்கள்தொகையில் 27.5 சதவீதம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இத்தனை பேருக்காக ஊருக்கு ஒரு பணியாளர் என்று பணியிடம் கிடையாது. என்னோடு படித்தவர்களில் நிறையப் பேர் திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது என்கிற நிலையில் இருக்கிறார்கள், சிலர் எச்.ஆர். பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை இல்லை என்பதற்காகப் படிப்பைப் பார்த்துச் சிரிப்பீர்களா, வேலையை உருவாக்காதவர்களைப் பார்த்துக் கேட்பீர்களா?

தயவுசெய்து யாரும் கமென்டில் வந்து "உங்கள் சேவைக்குத் தலைவணங்குகிறேன் சகோதரி" என்று எழுதாதீர்கள். சேவை என்று சொல்லிச் சொல்லியே சம்பளத்தை ஏப்பம் விட்டாயிற்று. இது என் தொழில்.

என் நட்புப் பட்டியலில் மில் வைத்திருப்பவர்களும் எக்ஸ்போர்ட் செய்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நூலின் தரம் பார்க்க லேப் வைத்திருக்கிறீர்கள், அதற்குப் படித்த ஆளைத்தான் போட்டிருக்கிறீர்கள். இருநூறு பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டலுக்கும் இந்தப் படிப்புப் படித்த ஒரு ஆளைப் போடுங்கள். ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். வார்டன் வேலையையும் கேட் சாவியையும் அவர் தலையில் கட்டாதீர்கள், கதவைப் பூட்டுகிற ஆளிடம் எந்தப் பிள்ளை வந்து பேசும்? சூப்பர்வைசருக்குக் கீழே வைக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ ஹாஸ்டல் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிப் போடுங்கள். ஆள் வந்த முதல் ஆறு மாதம் என்ன செய்ய வேண்டும், என்ன பதிவேடு வைக்க வேண்டும், எதைப் பதிவேட்டில் எழுதக் கூடாது என்பதை நானே எழுதித் தருகிறேன். கேட்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.