‘செக்’ தோற்றால் ‘சேவ்’ மருந்தல்ல

நாகர்கோவில் அண்ணன் எழுதிய குறிப்பில் ஒரு திருத்தம். தமிழ் ஆய்வேட்டின் அமைப்பை வகுக்கும் லேடெக் வகுப்புக் கோப்புக்கு எல்3பில்ட் என்ற சோதனைக் கருவியை வைத்தது நல்ல முடிவு. அதில் ‘செக்’ சோதனைகளை ஓட்டி, முன்பு சேமித்த விளைவோடு ஒப்பிடும். ஆனால் “செக் தோற்றால் சேவ் கொடுங்க, சரியாகிவிடும், தேறினால் பிடிஎஃப்பும் சரிதான்” என்பது இரண்டுமே தப்பு.

‘சேவ்’ எதையும் சரிசெய்யாது. இப்போது வரும் விளைவையே, பிழையோடு சேர்த்து, ஒப்பிட வைத்திருக்கும் டிஎல்ஜி கோப்பில் எழுதிவிடும். அப்புறம் அந்தப் பிழைதான் அளவுகோல். தோற்றால் முதலில் பில்ட் அடைவுக்குள் டெஸ்ட் அடைவில் கிடக்கும், வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கோப்பைத் திறந்து பாருங்கள். மாற்றம் நீங்களே வேண்டி செய்தது என்றால் மட்டும் சேவ்.

வழக்கமான சோதனை (எல்விடி கோப்பு) ஒப்பிடுவது பிடிஎஃப்பை அல்ல, ஓட்டத்தின் பதிவான லாக்கை, அதுவும் சீராக்கிய பிறகு. ஒப்பீடு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்’ கட்டளைக்குப் பிறகு லாக்கில் எதுவும் எழுதாத சோதனை எப்போதும் தேறும். வெறும் ஒப்புக்குச் சப்பாணி. பக்க அமைப்பைப் பிடிக்க, அதை லாக்கில் எழுதும் ‘ஷோஅவுட்புட்’ கட்டளையைச் சேர்க்க வேண்டும்.

இயல்பாகச் சோதனை பிடிஎஃப்டெக், ஸீடெக், லுவாடெக் என்ற மூன்று எஞ்ஜின்களிலும் ஓடும். எழுத்துருவை அழைக்கும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பு பிடிஎஃப்டெக்கில் ஓடாது, ஆகவே அமைப்புக் கோப்பான பில்ட்.லுவாவில் செக்எஞ்ஜின்ஸ் பட்டியலில் மற்ற இரண்டை மட்டும் வையுங்கள். லுவாடெக் விளைவு மட்டும் வேறாக வந்தால் அந்த எஞ்ஜினுக்குத் தனி டிஎல்ஜி சேமிக்கலாம்.

வீட்டுக் கணினியில் தேறி சர்வரில் தோற்பதற்குப் பெரும்பாலும் எழுத்துருப் பதிப்பே காரணம். எழுத்தின் அகலம் மாறினால் லாக்கும் மாறும். எழுத்துருக் கோப்பை டெஸ்ட்ஃபைல்ஸ் அடைவுக்குள் சப்போர்ட் அடைவில் போட்டு, கோப்புப் பெயராலேயே அழையுங்கள்.

டெக் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான சிடானில் வெளியிடும்போது ‘சிடான்’ கட்டளை சோதனையை ஓட்டிய பிறகே ஜிப் கட்டும். களஞ்சியத்துக்கு அனுப்பும் ‘அப்லோட்’ தனி வேலை, முதலில் உண்மையில் அனுப்பாமல் ஒத்திகை பார்க்கும் டிரை-ரன்னோடு.