சிடியை எம்பி3 ஆக்கிவிட்டுத் தூக்கி எறியாதீர்கள்

தீபாவளிக்கு வீடு ஒதுக்கும் நேரம் வந்துவிட்டால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் முதலில் மூட்டை கட்டப்படுவது பழைய சிடிகள்தான். வீட்டில் பிளேயர் இல்லை, புதுக் காரில் சிடி போடும் இடமே இல்லை, பாட்டெல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது, அப்புறம் இது எதற்கு என்கிறார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி, ஒரு பெண்டிரைவில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு சிடியை எறிகிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்குத்தான். பாட்டைக் காப்பாற்ற நினைத்துக் காசும் செலவு செய்துவிட்டு, கடைசியில் அதில் பெரும் பகுதியை இழப்பவர்கள் அவர்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். சிடியிலிருந்து முதலில் எடுக்கும் பிரதி ஃபிளாக் (FLAC), அதாவது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வடிவமாக இருக்க வேண்டும். காருக்கும் கைப்பேசிக்கும் எம்பி3 வேண்டுமென்றால், அந்த ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

காரணம் சொல்கிறேன். சிடியில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டில், இரண்டு சேனலில் பதிவாகியிருக்கிறது. வினாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். ஒரு மணி நேர சிடி என்றால் ஏறக்குறைய 635 மெகாபைட் (எம்பி). அதையே வினாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 60 எம்பிக்குள் அடங்கிவிடும். மீதி எங்கே போனது? பெரிய சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தத்தைக் காது கவனிக்காது என்ற கணக்கில் வெட்டி எறியப்பட்டது. எறிந்தது எறிந்ததுதான், எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. 2001-இல் வந்த ஃபிளாக் எதையும் எறிவதில்லை. கோப்பின் அளவைப் பாதிக்கோ அதற்குச் சற்று மேலோ சுருக்கும், விரித்தால் சிடியில் இருந்த ஒவ்வொரு பிட்டும் அப்படியே வரும்.

128 என்ற பழக்கம் 1990களின் கடைசியில் வந்தது. அப்போது ஹார்ட் டிஸ்க் சின்னது, இணையம் தொலைபேசிக் கம்பியில் வந்தது. இன்று ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஃபிளாக் ஆகவே 2,000 சிடிக்கு மேல் போடலாம். அந்த நாள் சிக்கனத்தை இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்க ஒரு காரணமும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 320 கிலோபிட்டில் ஒழுங்காக எடுத்த எம்பி3 கேட்பதற்கு நன்றாகவே இருக்கும், பல பாட்டுகளில் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் இன்று கேட்பதை மட்டும் பார்த்தால் போதாது. நாளைக்கு வேறொரு வடிவம் வரும், யாராவது அதை இன்னொரு முறை மாற்றுவார்கள், அப்புறம் வாட்ஸ்அப்பில் போகும். ஏற்கெனவே வெட்டியதை மறுபடி வெட்ட வெட்ட ஒலி தேய்ந்துகொண்டே போகும்.

அதுவும் நம் ஊர் இசைக்கு 128 ரொம்ப மோசம். உறுமி, தவில், பறை எல்லாம் திடீரென்று விழும் அடி. குறைந்த பிட்டில் எம்பி3 அந்த அடியைக் கூர்மையாக வைக்கத் தெரியாமல், அடி விழுவதற்கு முன்னாலேயே ஒரு கசிவைக் கொண்டுவந்துவிடும். ஜால்ராவின் கணீர் ஓசை தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, உறுமி மேள சிடிகளில் பல பாட்டுகள் இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். எம்பி3 ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்ப்பதால், சில பிளேயர்களில் மேளம் உச்சத்தில் இருக்கும்போது தடுக்கி நிற்கும். ஃபிளாக்கில் அந்தத் தொல்லை கிடையாது.

உறுமியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சினிமாப் பாட்டு சிடி தொலைந்தால் உலகத்தில் வேறு யாரிடமாவது இருக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விற்ற சிடி, நம் பையன்கள் சேர்ந்து நடத்திய மேளக் குழுவின் பதிவு, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக்கு வாங்கிய உள்ளூர்ப் பாடகரின் ஆல்பம், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடியது, இவையெல்லாம் எங்கே இருக்கின்றன? பல ஸ்ட்ரீமிங்கில் ஏறவே இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) அடுக்குமாடிக்கும் பிரிந்து போனார்கள். சில கோயில்கள் இடம் மாறின. அந்தக் கோயில் வாசலில் அந்த மனிதர்கள் அடித்த அந்த மேளம் இன்று ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் ஒரே ஒரு தட்டில் இருக்கலாம். அதை 128-க்கு வெட்டி, தட்டைக் குப்பையில் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் சித்தி தன் சிடிகளை ஒரு கடையில் கொடுத்தார். திரும்பி வந்த பெண்டிரைவில் எல்லாம் 128, கோப்புகளின் பெயரெல்லாம் டிராக் 01, டிராக் 02. யார் பாடியது, எந்தக் கோயில், எந்த வருடம், எதுவும் இல்லை. அதற்குக் காசு வேறு.

நீங்களே செய்யலாம், கஷ்டமில்லை. வெளியிலிருந்து செருகும் சிடி டிரைவ் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, சிடியைப் பிரதி எடுக்கும் இந்த இரண்டு மென்பொருளும் இலவசம். பிரபலமான சிடி என்றால் உங்கள் பிரதியை மற்றவர்கள் எடுத்த பிரதியோடு அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம் ஒப்பிட்டுச் சரியா என்று சொல்லிவிடும். தோட்டத்து உறுமி சிடியை உலகத்தில் வேறு யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள், ஒப்பிட ஆளில்லை. அதனால் இரண்டு முறை படிக்க விட்டு, இரண்டு சரிபார்ப்பு எண்களும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் அதற்குத் தனி வசதியே உண்டு.

வீட்டில் பதிந்த சிடிகளை முதலில் எடுங்கள். கடையில் விற்கும் அச்சுத் தட்டுபோல் அல்லாமல் அவற்றில் ஒலி இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் நம் ஊர் ஈரமும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் கீறல் விழாமல் பாருங்கள், தகவல் படலம் அந்தப் பக்கத்துக்குத்தான் நெருக்கம். ஒரே தட்டில் நூறு பாட்டு என்று விற்றார்களே, அவை ஏற்கெனவே எம்பி3. அவற்றை ஃபிளாக் ஆக்கி ஒரு பயனும் இல்லை, அப்படியே நகலெடுத்தால் போதும்.

பெயர்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள், ஃபிளாக் யூனிகோடை அப்படியே ஏற்கும். கார் ரேடியோவில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எம்பி3 பிரதிக்கு மட்டும் ரோமன் எழுத்து வைத்துக்கொள்ளலாம். அட்டையை ஸ்கேன் செய்யுங்கள். உறுமி அடித்தவர், பம்பை அடித்தவர், பாடியவர் பெயரெல்லாம் பெரும்பாலும் அந்த அட்டையில் மட்டும்தான் இருக்கும். டிஸ்க்கை ஒன்றுக்கு இரண்டாக வைத்து, ஒன்றை அண்ணன் தம்பி வீட்டில் கொடுத்துவையுங்கள்.

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் தோட்டத்துக் கோயில் சிடியோ மேளக் குழு சிடியோ வைத்திருப்பவர்கள், எறிவதற்கு முன் எனக்கு மெசஞ்சரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிரைவ் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். எடுத்துக் கொடுத்துவிட்டு உங்கள் தட்டை உங்களிடமே திருப்பித் தருகிறேன். காசு வேண்டாம்.