மஞ்சள் சீட்டும் ஆறு வயதுப் பல்லும்

போன வருஷம் என் பையன் படிக்கிற அரசு தொடக்கப் பள்ளிக்கு ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து முகாம் போட வந்தார்கள். வாசலில் 'கூட்டு முயற்சி' என்று பேனர். பிள்ளைகள் வரிசையாக நின்று ஆவென்று வாயைத் திறக்க, பயிற்சி மருத்துவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து எழுதினார்கள். ஆளுக்கு ஒரு பிரஷ், ஒரு பேஸ்ட், அப்புறம் குரூப் போட்டோ. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னே வண்டி கிளம்பிவிட்டது.

பையன் கையில் ஒரு மஞ்சள் சீட்டு: 'இரண்டு சொத்தை, கல்லூரிக்கு அழைத்து வரவும்.' இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எனக்கு லீவு கிடைத்தது, போனேன். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு நாள் சம்பளம். சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டேன். யாரிடமும் கணக்கு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "விழுந்து முளைக்கிற பல்லுதானே தம்பி" என்றார். அவர் மகளுக்குச் சொத்தையானது பால்பல் இல்லை. ஆறு வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் புதிதாக முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கிழவியாகும் வரை அவள் மெல்ல வேண்டிய பல் அது. மேலே ஆழமான பள்ளம், பிஸ்கட் அப்பினால் லேசில் போகாது. எனக்கே கல்லூரியில் சொல்லித்தான் தெரியும்.

முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு டார்ச் வெளிச்சத்தைக் கூட்டு முயற்சி என்று பேனரில் போடாதீர்கள் என்கிறேன். அந்த வண்டிக்குள்ளேயே சிகிச்சை நாற்காலி இருந்தது, பார்த்தேன். மூன்று மாதம் கழித்து அதே வண்டி அதே பள்ளிக்கு வரட்டும். துளை போடாமல் தொட்டு வைத்தாலே சொத்தை பரவாமல் நிறுத்தப் பார்க்கும் வெள்ளி ஃபுளோரைடு மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தை கறுத்துவிடும், அதனால் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மீதி வேலை தினமும் நடப்பது. ஸ்காட்லாந்து நர்சரிகளில் பிள்ளைகள் தினமும் ஆசிரியர் முன்னால் பல் துலக்குகிறார்கள்; பிரஷும் பேஸ்ட்டும் அரசே தருகிறது. நம்மிடம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருக்கிறது. சாப்பிட்ட பிள்ளைகள் எப்படியும் குழாயடிக்குப் போகிறார்கள். பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிஷம். (தருமபுரிப் பக்கம் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம்; அங்கே மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும்.) ஆசிரியர்களுக்குச் செயலியில் பதிவேற்றவே நேரம் போதவில்லை, அவர்கள் தலையில் இதையும் கட்ட வேண்டாம். பெற்றோர் முறை வைத்து நிற்கலாம்.

இதைக் கூட்டத்தில் சொன்னதும் எல்லோரும் சரி என்றார்கள். பிரஷ்களை எங்கே வைப்பது என்பதில் பேச்சு நின்றுவிட்டது. ஒன்றோடொன்று உரசக்கூடாது, பல்லி ஏறக்கூடாது. சத்துணவு சமைக்கிற அக்காதான் வழி சொன்னார்: முட்டை அட்டையைக் கவிழ்த்து ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓட்டை பெயர் எழுதுங்கள். ஈரத்தில் ஊறிப்போகுமே என்றேன்.

"வாராவாரம் மாத்துங்க. இங்க அட்டைக்கா பஞ்சம்?"